துடைக்கும்போது

ஓல்ட்டன் பள்ளிக்கூடம், மூன்றாம் வகுப்பு.
மாலை ஆறரை.
தொடுதிரையை அணைக்க மறந்து போய்விட்டார்
ஸ்டூடர் டீச்சர்.

சூரியன் மேல் யாரோ
சாக்லேட் விரலோடு கை வைத்திருக்கிறார்கள்.
ஈரத்துணியால் ஓர் இழுப்பு.
வியாழன் துணியோடு வந்துவிட்டது,
சனி வளையமும் தானுமாய்க் கீழ்மூலையில்.

"இன்னொருக்கா!" என்றது திரை
ஜெர்மனில்,
பிள்ளைகளிடம் பேசுகிற குரலில்.

வாளியை வைத்தேன். கையுறையைக் கழற்றினேன்.
புதன், வெள்ளி.
பூமியைக் கொண்டுபோய் விட்டதும்
சின்னதாய் ஒரு மணி.
செவ்வாய், வியாழன், சனிக்கும் அடித்தது.

மிச்சம் இரண்டு நீல உருண்டைகள்.
எது முன்னால்?
ஏதோ ஓர் ஊகத்தில் வைத்தேன்.
மணி இல்லை.

இருக்கட்டும்.
விளக்கை மட்டும் அணைத்துவிட்டு வந்தேன்.
காலை எட்டு மணிக்கு
ஒரு பொடியன் கதிரையில் ஏறி நின்று
கத்துவான்: "பிழை!"

சூரியனைத் துடைக்க
மறந்தே போனேன்.