ஞாயிறு, இரண்டிலிருந்து நான்கு வரை

பேருந்து போய்விட்டது. அடுத்தது ஐம்பது நிமிடத்தில்.
மழைக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனேன்.
இருபத்தாறு வருடமாய் இந்தக் கதவைக் கடந்து நடக்கிறேன்;
ஞாயிறு இரண்டிலிருந்து நான்கு வரைதான் திறப்பார்கள்,
எனக்கு அப்போது ஷிஃப்ட்.

நுழைவு ஆறு பிராங்க். சில்லறை ஒரு சாக்லேட் டப்பாவில்.
உர்ஸ் ஷ்டெம்ஃப்லி, ஓய்வுபெற்ற தபால்காரர்,
சாவி வளையத்தோடு முன்னே நடந்தார்.
பழைய பள்ளிக்கூடம். பூட்டினார்.
முற்றம் தாண்டித் தீயணைப்புக் கொட்டகை, தோல் வாளிகள்,
ஒருமுறைகூட நேரத்துக்குப் போய்ச் சேராத வண்டி
என்று சிரித்தார். பூட்டினார்.
ஒற்றை அறைச் சிறை. சுவரில் யாரோ கீறிய மாடு,
கொம்பு மட்டும் மிகக் கவனமாக.
அதன் முன் கொஞ்ச நேரம் நின்றோம்.

கடைசிக் கட்டடத்தில், சிவப்புக் கயிற்றுக்கு அப்பால்,
அது.

மாவட்ட ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து உருளை இஸ்திரி.
அட்டையில் ஆண்டு, எடை, நன்கொடை தந்த நிர்வாகம்.
ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால்
அந்தப் பக்கம் காய்ந்து வரும், என்றார்.
நிறுத்த இந்தப் பொத்தான்.

அதில் நிற்காது, என்றேன்.

என் ஜெர்மன் எப்போதும் தாமதமாய் வரும்;
அன்று முந்திக்கொண்டது.
பொத்தான் தொண்ணூற்றேழிலேயே செத்துவிட்டது.
கீழே ஒரு தகடு, இடது முழங்காலால் இடிக்க வேண்டும்.
வலதுக்கு எட்டுவது வேறு தகடு,
அது உருளையைப் பின்னோக்கிச் சுழற்றும்,
அப்படித்தான் இல்டாவின் சுண்டுவிரல்...

அவர் கயிற்றின் கொக்கியைக் கழற்றினார்.
மின்சாரம் இல்லை. ஆனாலும் முழங்கால்
தேடாமல் அந்த இடத்தில் போய் முட்டியது.
ணங்.
சோப்பு இல்லை, சூடு இல்லை, மெழுகு வாசம்.
ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு.
ஒரு முனை இல்டா, ஒரு முனை நான்:
நெருங்கி, மூலையைக் கொடுத்து, விலகி, மறுபடி நெருங்கி...
என் கணவர் முகத்தைக்கூட
அத்தனை கிட்டத்தில் அத்தனை தடவை பார்த்ததில்லை.

ஷ்டெம்ஃப்லி அட்டையை எடுத்தார்.
பின்புறம் பென்சிலால் 'இடது முழங்கால்' என்று எழுதி
முன்புறம் தெரியும்படியே திரும்ப வைத்தார்.

வாசலில் பதிவேடு. பெயர். எந்த ஊரிலிருந்து.
எனக்கு மேலே வின்டர்தூர், லியோன், மறுபடி வின்டர்தூர்.
பேனா கொஞ்சம் யோசித்தது.
பாஹ்காஸே பதினொன்று, மூன்றாம் மாடி, என்று எழுதினேன்.

அவர் குனிந்து படித்தார்.
அந்த வீட்டில் அழைப்பு மணி வேலை செய்யாதே,
தட்டத்தானே வேண்டும்?

இப்போதும்தான், என்றேன்.

நான்கு ஆக ஏழு நிமிடம் இருந்தது.
பூட்டினார்.
அடுத்த பேருந்தும் போயிருந்தது.