முன் இடப்பக்கம்

ஓட்டத்தில் இல்லை, பிரேக்கிலும் இல்லை.
இருபதுக்குக் கீழே, சின்னக் குழியில் மட்டும்
முன் இடப்பக்கத்தில் ஒரு டொக்.
தேங்காயைச் சுண்டிப் பார்க்கிற மாதிரி.

"எனக்கொண்டும் கேக்கேல்லயே" என்றார் இவர்.
உப்புவெளியில் போட்ட சிக்னல்
நிலாவெளி தாண்டியும் அடித்துக்கொண்டிருந்தது.
சொன்ன பிறகுதான் நிறுத்தினார், வழக்கம்போல.

நான் கணக்கு டீச்சர்.
பழைய தவணைப் பரீட்சைத் தாளின் பின்புறத்தில்
எழுதி வைத்தேன்:
ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் இல்லை.
காலையில் ஒரு கீச்சும் சேரும், மழைக்கு அடங்கும்.
ஜீப் நிறைய ஆட்கள் என்றால் குறையும்,
தனியே போனால் கூடும்.
கிண்ணியாப் பாலத்தில் இணைப்புக்கு ஒன்று;
பதினாறு வரை எண்ணினேன், எதிரே பஸ் வர விட்டுவிட்டேன்.

அனுராதபுரச் சந்திக் கராஜ்காரர்
தாளை வாங்கவே இல்லை.
ஷொக் அப்சோபர் இரண்டும், புஷ்ஷும் என்றார்.
என் ஒரு மாதச் சம்பளமும் கைச்செலவும்.
டொக் மூன்று வாரம் லீவில் போய்
நவராத்திரிக்குத் திரும்பி வந்தது.

"எல்லாம் புதுசு. இனி என்ன சத்தம்?"
ரேடியோவைக் கூட்டினார்.
மா ஆலையில், அரைக்கிற பகுதியில்,
பதினெட்டு வருசம் நிற்கிறவர்.
அவர் கூட்டினால் இப்போதெல்லாம்
பின்சீட்டில் மிதுரன் காதைப் பொத்துகிறான்.

ஹில்மி தாளை இரண்டு தரம் வாசித்தான்.
"ஆள் ஏறினாக் குறையுதா?"
அந்த வரியில் அவன் விரலின் கிறீஸ் ஒட்டியது.
நீட்டு ஸ்க்ரூட்றைவரின் நுனியை லோவர் ஆர்மில் ஊன்றி
மிதுரனை பம்பரில் ஏறிக் குதிக்கச் சொன்னான்.
தான் கேட்டான். நான் கேட்டேன்.
"நீங்களும் பாருங்க சேர்."

இவர் காதில் வைத்தார். உதட்டைப் பிதுக்கினார்.
ஹில்மி ஒன்றும் பேசாமல்
கைப்பிடியைக் காதுக்குப் பின்னால்,
எலும்பில், அழுத்தினான்.
மிதுரன் குதித்தான்.

"ஓ" என்றார்.
இன்னொரு தரம் குதிக்கச் சொன்னார். இன்னொரு தரம்.
"எவ்வளவு நாளா இப்பிடி?"
ஹில்மி ஜீப்பைப் பார்த்தான்.
நான் அவரைப் பார்த்தேன்.

ஜக்கில் ஏற்றி, கம்பி கொடுத்து நெம்ப
மூன்று மாத றப்பர் வாயைத் திறந்தது.
"சக்கரம் தொங்கக்குள்ள முறுக்கி இருக்காங்க டீச்சர்.
அந்தரத்துல முறுக்கினா
அந்தரத்தத்தான் றப்பர் நேரெண்டு நினைக்கும்.
கீழ எறக்கினா, சும்மா நிண்டாலும் முறுகித்தான் நிக்கும்.
கிழியாம என்ன செய்யும்?"

புதியதை அழுத்திச் செருகினான்.
போல்ட்டை விரலிறுக்கத்தில் விட்டு
பலகைகளின்மேல் ஜீப்பை இறக்கினான்.
நாங்கள் ஏறவா என்றேன். சிரித்தான்.
"வேணாம், அதுட சொந்தப் பாரம் போதும்."
பிறகு கீழே ஊர்ந்துபோய் முறுக்கினான்.
வெகுநேரம் அவன் செருப்பு மட்டும் தெரிந்தது.

திரும்பும்போது பாலத்தில் நான் எண்ணவில்லை.
எண்ண ஒன்றும் இருக்கவில்லை.
டயரின் இரைச்சல், கீழே தண்ணீர்,
மிதுரன் எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"நிண்டிட்டுதோ?"
"நிண்டிட்டுது" என்றேன்.
"என்ன?"
"நிண்டிட்டுது!"

சீனக்குடாவில் ஒரு லொறிக்கு ஒதுங்கப்போட்ட சிக்னல்
இடப்பக்கமே அடித்துக்கொண்டு வந்தது.
இந்தமுறை நான் சொல்லவில்லை.
பின்னால் ஒரு ஓட்டோ, நாங்கள் திரும்பிவிடுவோமென்று நம்பி
நகரம்வரை இடைவெளி விட்டே வந்தது, பாவம்.
டிக், டிக், டிக்.
வீதியில் இரண்டு மான்கள் குறுக்கே போயின.

ஆஸ்பத்திரிச் சந்தி வந்தது.
"இடப்பக்கம் எடுங்கோ" என்றேன், உரக்க.
கண்ணாடியில் என்னை ஒருதரம் பார்த்தார்.
எடுத்தார்.