அட்டைக் கட்டடம்

கொழும்பிலிருந்து வந்த வேனில்
புதுக் கட்டடம் ஒருவன் மடியில் உட்கார்ந்து வந்தது.
அட்டையில் செய்தது.
கூரை தனியாகக் கழன்று வரும்.
பட்டிப்பொல வளைவில் யாரோ வாந்தியெடுத்த அவசரத்தில்
ஒரு சுவர் கொஞ்சம் நசுங்கியிருந்தது.

நான் டிக்கட் ஜன்னலில் இருக்கிறவள்.
பதினோரு வருடமாகத் தற்காலிகம்.
பெரியவருக்கு முழுசு, பிள்ளைக்குப் பாதி,
வெளிநாட்டாருக்கு வேறு கட்டு, வேறு நிறம்.
அன்று ஜன்னலை அரை மணி அடைத்து
எங்களையும் கூப்பிட்டார்கள், கருத்துச் சொல்ல.

முன்மொழிவு மூன்றாம்.
முதலாவது, இருப்பதைத் திருத்துவது:
தகரம் மாற்றி, வர்ணம் பூசி,
கண்ணாடிப் பெட்டியில் நிற்கும் சிறுத்தைக்கு
உதிர்ந்த மீசையைத் திரும்ப ஒட்டுவது.
இரண்டாவது, எல்லாவற்றையும் இடித்து
கண்ணாடியிலேயே எழுப்புவது.
மூன்றாவதைப் பற்றி அதிகம் பேசவில்லை,
அது மலிவு.

மேசையில் இருந்தது இரண்டாவது.
பக்கத்தில் பெரிய படங்கள்.
படத்தில் நல்ல வெயில்.
ஒருத்தரும் ஸ்வெட்டர் போட்டிருக்கவில்லை.
ஒரு பெண் நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்
(நாய்க்கு இங்கே அனுமதி இல்லை).
வரைந்த அம்மணி இமாரா, நல்ல மாதிரி,
எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு
கொப்பியில் எழுதிக்கொண்டார்.

மலசலகூடம் கழுவும் மரியசெல்வம் கேட்டார்:
"கண்ணாடிக்கு வெளிப்பக்கம் யார் துடைக்கிறது?"
எல்லாரும் சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.
கண்ணாலேயே உயரத்தை அளந்துகொண்டிருந்தார்.

குருவி மோதாதா என்று
காவலர் ஹேமசிறி சிங்களத்தில் கேட்டார்.
புள்ளி ஒட்டுவோம் என்றார்கள்.
என்ன புள்ளி?
குருவிக்கு மட்டும் தெரிகிற புள்ளி.
பொழுதுபட்டால் கென்டீன் பின்னால்
ரொட்டித் துண்டுக்கு வந்து நிற்கும் மரையைப் பற்றி
அவர் கேட்க நினைத்ததை, பிறகு, கேட்கவில்லை.

நான் என் ஜன்னலைத் தேடினேன்.
வாசலில் ஒரு கம்பி இருந்தது,
குண்டூசியில் செய்த கம்பி.
போனைக் காட்டினால் திறக்குமாம்.
சிக்னல் வேண்டுமென்றால் இங்கே
தண்ணீர்த் தாங்கி மேல் ஏறவேண்டும்.
சொல்லவில்லை.
சொன்னால் கோபுரமும் ஒன்று வரைவார்கள்.

அப்போதுதான் அது மேசைமேல் வந்தது.
யாருடைய சப்பாத்திலிருந்தோ.
விளிம்பில் நிமிர்ந்து, காற்றில் ஆள் தேடி,
வளைந்து, நீண்டு, வளைந்து,
குண்டூசிக் கம்பியைத் தாண்டி
டிக்கட் இல்லாமல் உள்ளே போனது.
"அட்டைமேல அட்டை," என்றார் மரியசெல்வம்.
தமிழ் தெரிந்த மூன்று பேர் சிரித்தோம்.
அது பாட்டுக்கு வாசலிலிருந்து கோப்பிக்கடை வரை
சாண் போட்டு அளந்தது,
நசுங்கிய சுவரருகே கொஞ்சம் நின்றது.
அம்மணி கையை இழுத்துக்கொண்டார்.

சில்லறைப் பெட்டியில் எப்போதும் உப்பு வைத்திருப்பேன்.
எடுக்கத் தோன்றவில்லை.
கருத்துப் படிவத்தை மெல்ல அடியில் கொடுத்து
தூக்கிப்போய்ப் புல்லில் விட்டேன்.

திரும்பி வரும்போதுதான் தலைப்பைப் படித்தேன்.
"பார்வையாலர் நிலையம்."
வெளிப்பலகையில் பதினோரு வருடமாக இருக்கும் அதே பிழை.
இடித்தாலும் இடியாமல்
மூன்று முன்மொழிவிலும் அப்படியே வந்திருக்கிறது.
முதல் மாதமே பெரிய ஐயாவிடம் சொன்னேன்.
பெயின்ட் வரட்டும் என்றார்.

ஈரமான தாளில் எழுதினேன்:
ல இல்லை, ள.
நாக்கை மடித்துச் சொல்கிற ள.
இன்னும் நாலு வரி இடமிருந்தது.
ஒரு ஜன்னல் வேண்டும் என்று எழுதினேன்.
சின்னது போதும்.
சாரல் அடிக்காத பக்கம்.
பெயர் கேட்ட இடத்தில் பெயர் போட்டு
பதவி கேட்ட இடத்தில்
கொஞ்ச நேரம் பேனையை வைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே ஹோர்ன் சத்தம்.
தலவாக்கலையிலிருந்து ஸ்கூல் பஸ்.
பனி இறங்கி, பஸ் பாதிதான் தெரிந்தது,
பிள்ளைகள் சத்தம் முழுசாகக் கேட்டது.
ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தேன்.
ஐம்பத்திரண்டு பாதி.
நாலு முழுசு.