பருவமில்லாத ஊரில்

ஒரு கோடை போதும் என்றார்களாம்.
பத்துப் பேர், இரண்டு மாதம்,
சிந்திக்கும் இயந்திரத்துக்கு வழி பிறந்துவிடும்.
ஐம்பத்தாறில், எங்கோ ஒரு கல்லூரியில்.
மாலை வகுப்பில் இதைக் கேட்டபோது
கெப்பல் சாலையில் மழை.
கோடை என்றால் எவ்வளவு நீளம் என்று
ஹுவி லிங் என் காதில் கேட்டாள்.
எனக்கும் தெரியாது.

எண்பத்தேழில் எனக்கு வேலை,
துறைமுகத்து ரோஸ்லியின் தலைக்குள் இருப்பதை
இப்படியென்றால் அப்படி என்று எழுதுவது.
கனத்த பெட்டியென்றால் அடியில்.
குளிர்பெட்டியென்றால் மின்செருகிக்குப் பக்கத்தில்.
கடைசியில் இறங்குவது முதலில் ஏறும்.
அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி.
கோப்பி ஆறி ஆடை கட்டும்.

இருநூற்றுப் பதினோரு விதிகள்.
ஒருநாள் திரை காட்டிய இடத்தைப் பார்த்து
"தக் போலே" என்றார்.
ஏன் என்றேன்.
உதட்டைப் பிதுக்கினார்.
"இந்தக் கேப்டன் அவசரக்காரன்."
இருநூற்றுப் பன்னிரண்டு
இன்னும் காலியாக இருக்கிறது.

பிறகு குளிர்காலம் வந்தது.
பனி பெய்யும் நாட்டுக்காரர்கள்
அந்தத் துறைக்கு அப்படித்தான் பெயர் வைத்தார்கள்,
பணம் வற்றிய வருடங்களுக்கு.
எங்களுக்கு அது
ஒரு பக்கச் சுற்றறிக்கையாக வந்தது.
இயந்திரத்தைத் துணிபோட்டு மூடினோம்.
குளிரூட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது,
இருபத்திரண்டு டிகிரியில், யாருக்கோ.

இப்போது என் கைப்பேசி பேசுகிறது.
விதி எதையும் யாரும் எழுதித் தரவில்லையாம்,
கோடிக்கணக்கில் பார்த்துப் பார்த்துத்
தானே எடைகளைத் திருத்திக்கொண்டதாம்.
நேற்று ஒரு பதிலுக்கு
ஏன் என்று கேட்டேன்.
மூன்று பத்தி, வெகு பணிவாக.

மறுபடி கேட்டேன்.
வேறொரு காரணம்,
அதே பணிவு.