நீலம் போன சுருள்

திருவனந்தபுரத்திலிருந்து
பேருந்தின் பின்சீட்டில் வந்தது தகரப் பெட்டி.
உள்ளே ஆறு சுருள், விநாகிரி வாடை,
நாலாய் மடித்த ஒரு குறிப்புத்தாள்:
நாரை கோபப்படும்போது திரை முழுக்கச் சிவப்பு.
நாரை துக்கப்படும்போது நீலம்.
வசனம் கிடையாது.

இரையுமன்துறைப் பள்ளிக்கூடம்.
ஜன்னல்களுக்குத் தார்ப்பாய்.
செலஸ்டின் விளக்கைப் போட்டதும் தெரிந்துவிட்டது,
நாற்பது வருஷத்தில் நீலம் செத்திருந்தது.
பச்சையும் அதன் பின்னாலேயே போயிருந்தது.
வானம் சூரைமீன் செவுள்.
புல்லெல்லாம் செங்கல்.
எவனோ மேசைக்குக் குனிந்து
நொடிக்கு இருபத்துநாலு தாள் தீட்டிய குளம்
கீறிய கொய்யாப்பழமாய்க் கிடந்தது.

நான் ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள்,
சனிக்கிழமை மட்டும் திரைப்படச் சங்கத்துச் செயலாளர்.
மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.
"பிள்ளைகளா, இது உண்மையில் நீலம்.
நாரைக்குக் கோபமில்லை, துக்கம்.
மனசுக்குள்ளே நீலத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்."

யாரும் போட்டுக்கொள்ளவில்லை.

செலஸ்டின் தன் பங்குக்கு
கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தில் மிஞ்சிய நீலத்தாளை
லென்சுக்கு முன்னால் பிடித்தான்.
நாரை, குளம், வானம் எல்லாம் கத்தரிக்காய்.
கூடம் ஊளையிட்டது. எடுத்துவிட்டான்.

மூன்றாவது வரிசையில் ஜெர்ஷா எழுந்தாள்,
கையில் பாதி கடித்த பழம்பொரி.
"அக்கா, அது ஆத்துவெள்ளமாக்கும்.
ஆனியில குழித்துறை ஆறு கலங்கி
பொழிமுகம் வழியா வந்து விழும்லா?
கடலு சொவந்து கெடக்கும்.
அப்பாக்க வலையில ஒண்ணும் படாது.
நாரைக்கும் ஒண்ணும் படல்ல.
அதாக்கும் கரையுது."

கரையுது.
குறிப்புத்தாளை மடித்து
பெட்டிக்குள் வைத்தேன்.

ஆறாம் சுருளில்
வரவேண்டிய சிவப்பு வந்தது. கோபம்.
முந்தையதற்கும் இதற்கும்
இழையளவு வித்தியாசம் என் கண்ணுக்குப் படவில்லை.
ஆனால் பெஞ்சுகளின் கிறீச்சொலி நின்றுபோயிற்று.
"இப்ப கொத்தப் போவுது"
என்றான் ஒருத்தன், மெதுவாக.
எதை வைத்துக் கண்டுபிடித்தான்?
கழுத்து ஒரு தாளுக்கு ஒரு மயிரிழை
பின்வாங்கிக்கொண்டிருந்தது,
அதையா?

மறுநாள் பெட்டியைத் திருப்பியனுப்பப் போகையில்
பாலத்தில் கொஞ்சம் நின்றேன்.
ஆறு செம்மண்ணாய்ப் போய்
கடலுக்குள் ஒரு கோடு வரைக்கும் சிவப்பு,
கோட்டுக்கு அந்தப் பக்கம் சாம்பல்.
நீலம் எங்குமில்லை.
மணல்திட்டில் ஒரு நாரை,
வெள்ளை.

படத்து நாரைக்கு முதலில் என்ன நிறம்?
தாளில் இருந்திருக்கும்.
பெட்டியைத் திறப்பதற்குள்
பேருந்து வந்துவிட்டது.