தவறான குரல்

திரையில் சிவப்புச் சதுரம் வந்தால் கூவ வேண்டும்.
கூவினால் குழாயில் ஆப்பிள் சாறு, இரண்டு சொட்டு.
சதுரம் இல்லாதபோது வாய் திறந்தால்
எட்டு நொடி இருட்டு.

ட்யூபிங்கனில் பனி கொட்டிய பிப்ரவரி.
ஆறிய காப்பியோடு வீப்கே
கண்ணாடிக்கு இப்பால் எண்ணுகிறாள்.
நாற்பதே நாளில் தேறிவிட்டது ஹூகோ.
குரங்கின் தொண்டையும் சொன்னபடி கேட்கும்:
வரைபடம்கூடத் தயார்.

செவ்வாயன்று பக்கத்துக் கூண்டை
எங்கோ தள்ளிக்கொண்டு போனார்கள்.

சதுரம் வந்தது. வந்து, போனது.
ஹூகோ வாயே திறக்கவில்லை.
பிறகு தொடங்கிற்று,
இருட்டு விழ விழ.
அதே சுதி,
சற்றே நீளம்.

'தவறான குரல்' கட்டத்தில்
அறுபத்து மூன்று கோடு இழுத்தாள்.
அடுத்ததற்குப் பேனா நின்றுவிட்டது.

பெட்டிக்கு யாரும் சொல்லவில்லை.
எட்டெட்டு நொடியாக அது
தண்டித்துக்கொண்டே இருந்தது.