மரை

பகலில் பல்செட் செய்கிறேன்,
இரவில் பேனா.
இரண்டுக்கும் ஒரே அரம், ஒரே பூதக்கண்ணாடி,
யாருடையது, ஏன் உடைந்தது என்று
கேட்காத ஒரே பழக்கம்.

ஜூலையில் டோங்காட்டிலிருந்து ஒரு மூடி வந்தது,
ஒற்றைச் சாக்ஸுக்குள் சுருட்டி.
"உடம்பு தொலைந்துவிட்டது, புதிதாய் ஒன்று
செய்து தர முடியுமா?" பூமணி ரெங்கசாமி.
ஒன்பது நாள் கழித்து வெருலத்திலிருந்து ஓர் உடம்பு,
மாத்திரை டப்பாவில், பஞ்சு வைத்து.
"மூடி தொலைந்துவிட்டது." தனபாக்கியம் பிள்ளை.
இரண்டு ஊருக்கும் நடுவே
கொஞ்சம் கரும்புதான் இருக்கிறது.

உடம்பை முதலில் பிரித்தேன்.
ஹேர் டிரையர் சூட்டில் கழுத்து இளகும்போது
பழைய செல்லுலாய்டு கற்பூரமாய் மணந்தது.
காகித ஆலையின் அவிந்த நாற்றம்
மெரேபேங்க் முழுக்க ஏறி நின்ற இரவில்
என் மேசையில் மட்டும் தீபாராதனை.

உள்ளே ரப்பர் பை தாராய் உருகி
நெம்புகோலோடு ஒட்டிக் கிடந்தது. சுரண்டினேன்.
நாக்கைத் தண்ணீரில் போட்டேன்.
மூன்று நாள் ஊதா, பிறகு நீலம், பிறகு
கிண்ணத்தின் அடியில் பொடிபோல் ஏதோ.
புதுப் பை, அரக்கு, ஒரு சிட்டிகை டால்கம்.

நிப்பு ஒருபக்கமாய்த் தேய்ந்திருந்தது.
என் பெயரை எழுதினேன். கீறியது, தடுக்கியது.
எழுத்து எதுவும் அதற்குப் பிடிக்கவில்லை.
சலித்துப்போய் 7 போட்டேன்,
வெண்ணெயில் போவதுபோல் போனது.
77. 4. 9 டன். 14 டன்.
ஆலை வாசலில் எடைமேடைக் கணக்கு
எழுதியவராம் அப்பா.
சொன்னது பூமணி, போனில்.
அவரிடம் நிப்பே கிடையாது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கு மின்வெட்டு.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
அந்த மூடியை இந்த உடம்பில் வைத்துத் திருகினேன்.
ஒன்றேகால் சுற்று.
பச்சைக் கோடுகள் தத்தம் இடத்தில் வந்து நின்றன;
உடம்பில் தொடங்கிய கீறல்
மூடியில் போய் முடிந்தது.

யாரும் எதையும் தொலைக்கவில்லை.
பங்கு பிரித்திருக்கிறார்கள்.

காலைவரை முழுசாக வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

கறுப்பு எபொனைட்டில் ஒரு மூடி கடைந்தேன்,
ஓர் உடம்பும்; செத்த பேனாக்களின் எலும்பெடுத்து
உள்ளே வைத்தேன். மரையில் மட்டும் கை வைக்கவில்லை.
எந்த மூடியும் எந்த உடம்பிலும் ஏறும்.

பார்சல் கட்டினேன். பூமணியின் பேனா பூமணிக்கு,
தனபாக்கியத்தின் பேனா தனபாக்கியத்துக்கு.
பில்தான் மாறிப் போய்விட்டது.
'பச்சை மூடிக்குக் கறுப்பு உடம்பு, 650 ராண்டு'
என்ற தாள் வெருலத்துக்கு. மற்றது டோங்காட்டுக்கு.
கேட்டால், கைதவறி என்றுதான் சொல்வேன்.

வியாழக்கிழமை ஒரு மேல்தாடைக்கு மெருகேற்றுகையில்
போன் அடித்தது. வெருலம் நம்பர்.
நின்றது. உடனே டோங்காட்.
கை முழுக்க மெருகுப்பொடி; அடிக்கட்டும் என்று விட்டேன்.

சாயங்காலம் நானே கூப்பிட்டேன்.
இரண்டு நம்பரும் பிஸி, ஒன்பது மணிவரை.
சண்டையோ என்னவோ.
பணம் இன்னும் வரவில்லை.